மெஷின் வாங்கித் தருவார்கள், அதை ஓட்டுவதற்கு? கிராம மருத்துவ நிதி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: போன வருஷம் டிரஸ்ட் பதிவு செய்து, மலைக் கிராமத்தில் வாரம் இரண்டு நாள் கிளினிக் நடத்துகிறோம். மூன்று கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும்) நிதி கேட்டோம், பதிலே இல்லை. ஏன்?

பதில்: டிரஸ்டுக்கு வயது போதவில்லை. கம்பெனி தானே தொடங்காத ஓர் அமைப்பு வழியாகச் செலவு செய்ய வேண்டுமென்றால், அந்த அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது 3 வருஷ அனுபவம் இருக்க வேண்டும், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் இருக்க வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு ஒரு பதிவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவு எண் வைத்திருக்கும் பெரிய டிரஸ்ட் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம், அல்லது உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேவையானதைக் கம்பெனி நேரடியாகச் செய்யும்படி கேட்கலாம். அப்புறம், இன்றையிலிருந்தே ஓபி நோட்டை, அதாவது வந்துபோகும் நோயாளிகளின் பதிவேட்டை, ஒழுங்காக எழுதுங்கள்: தேதி, வயது, ஊர், பிரஷர் எவ்வளவு, என்ன மருந்து, திரும்ப வந்தாரா. மூன்று வருஷம் கழித்து உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டுதான்.

கேள்வி: ஒரு கம்பெனி ரத்தப் பரிசோதனை மெஷின் வாங்கித் தர ஒத்துக்கொண்டது. லேப் டெக்னீஷியன் சம்பளம் கேட்டால் "அதெல்லாம் சிஎஸ்ஆரில் வராது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை கிளினிக்குகள் முடங்கியிருக்கின்றன! சட்டத்தில் 5 சதவீத உச்சவரம்பு என்று ஒன்று உண்டு, ஆனால் அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்துகிறவரின் சம்பளம் திட்டச் செலவில்தான் சேரும். கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் அப்படித்தான் என்று கம்பெனி விவகார அமைச்சகமே 2021 ஆகஸ்ட் விளக்கத்தில் உதாரணம் காட்டியிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நான் ஒருமுறை ஒரு கிராமத்துக்குப் போனபோது, லேப் அறையில் செமி ஆட்டோ அனலைசர் என்ற ரத்தப் பரிசோதனை மெஷின் மேல் பூப்போட்ட மேஜைவிரிப்பைப் போர்த்தி வைத்திருந்தார்கள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கொடுத்த கம்பெனியின் ஸ்டிக்கர் கூட மங்கவில்லை. பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனமான ரீஏஜென்ட் தீர்ந்துபோய் எட்டு மாதம், ஸ்டெபிலைசர் வாங்கவே இல்லை. சர்க்கரை பார்க்க அந்த ஊர்ப் பாட்டிகள் பஸ் பிடித்து டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் என் பட்ஜெட்டில் மெஷின் விலை கடைசி வரியாகத்தான் வரும். முதலில் ஆள் சம்பளம், ரீஏஜென்ட், சர்வீஸ் ஒப்பந்தம், கரண்ட் பில். அதையும் ஒரு வருஷத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். தொடர் திட்டம் என்று கம்பெனியின் இயக்குநர் போர்டு முடிவு செய்தால், தொடங்கும் நிதியாண்டு போக இன்னும் 3 வருஷம் வரை ஒரே திட்டத்தில் செலவு செய்ய விதியில் இடம் இருக்கிறது.

எம்.பி. நிதியில் இதைக் கேட்டு அலையாதீர்கள். வருஷத்துக்கு 5 கோடி இருந்தாலும் அது கட்டடம் மாதிரி நிலையான சொத்துக்கு உள்ள பணம், மாதச் சம்பளத்துக்கு வராது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பத் தயார். டிரஸ்ட் கணக்கிலேயே வாங்கலாமா?

பதில்: ஒவ்வொருவரிடமும் என்ன பாஸ்போர்ட் என்று கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கலாம். பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், நம் தெருவில் பிறந்த பிள்ளையாக இருந்தாலும், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக 3 வருஷ இயக்கமும் அதில் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் கேட்பார்கள், பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு உள்ள இன்னொரு டிரஸ்டில் வாங்கி நமக்கு மாற்றித் தரச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 2020 திருத்தம் அதை அடைத்துவிட்டது.

கேள்வி: 10 சதவீதம் முன்பணம் கொடுத்தால் கிராண்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: கொடுக்காதீர்கள். நல்ல ஆடிட்டருக்கு அவர் வேலைக்கான ஃபீஸ் கொடுங்கள், அது போதும்.

கேள்வி: டிரஸ்ட் எதுவும் இல்லை, நாங்கள் ஆறு நண்பர்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. 2022-இல் தொடங்கிய நிக்‌ஷய் மித்ரா திட்டத்தில் தனி ஆளே பதிவு செய்து காசநோயாளிகளுக்கு மாதாமாதம் சத்துணவு வாங்கித் தரலாம். குறைந்தது ஆறு மாதம் விடாமல் தர வேண்டும்.

இன்னொன்று. உங்கள் ஊரில் கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு இருக்கும். தேசிய சுகாதார இயக்கத்தின் விதிப்படி அதற்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரை, ஊரே முடிவு செய்து செலவழிக்கத் தருகிறார்கள். சின்னத் தொகைதான். ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு ராத்திரி ஆட்டோ பிடிக்க அந்தச் சின்னத் தொகை போதும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு ஆறு பேரும் போங்கள், பாஸ்புக்கையும் பார்க்கக் கேளுங்கள்.