பிரேக்கரை அணைத்துவிட்டால் பேட்டரி அறை பாதுகாப்பானதா?

கேள்வி: எங்கள் யூபிஎஸ் அறையில் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் 20 தொடராக இருக்கின்றன, மொத்தம் 240 வோல்ட் டிசி. ஏசி பேனல்களுக்கு ஆர்க் (காற்றின் வழியே பாய்ந்து எரியும் மின்பொறி) ஆபத்தைக் கணக்கிட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம். பேட்டரிக்கு எதுவும் இல்லை. பிரேக்கரை அணைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: போதாது. பிரேக்கரை அணைத்தால் யூபிஎஸ்ஸுக்குப் போகும் மின்சாரம்தான் நிற்கும். பேட்டரியை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. அதன் டெர்மினல்களில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

ஏசி கணக்கும் இங்கே உதவாது. ஆர்க் ஆபத்தைக் கணக்கிடும் தரநிலையான ஐஇஇஇ 1584 ஏசிக்கான முறை. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். ஆர்க் அணைய அப்போது ஒரு வாய்ப்பு உண்டு. டிசியில் அது இல்லை, பிடித்தால் பிடித்ததுதான். ஏசி பிரேக்கரை டிசியில் மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

சரி, எப்படிக் கணக்கிடுவது? முழு ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தில் பாதியை ஆர்க் மின்னோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். 0.01 × வோல்டேஜ் × ஆர்க் மின்னோட்டம் × நொடி, இதை சென்டிமீட்டர் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு எத்தனை கலோரி என்று வரும். பெட்டிக்குள் நடந்தால் 3 மடங்கு. கொஞ்சம் கூட்டியே காட்டும் சூத்திரம்தான், ஆனால் பாதுகாப்புக்கு அது நல்லதே.

உங்கள் பேட்டரித் தொகுப்பின் அகமின்தடை, பேட்டரிகளை இணைக்கும் லிங்குகளையும் சேர்த்து, 60 மில்லிஓம் என்று வைப்போம். ஷார்ட் மின்னோட்டம் 4,000 ஆம்பியர், ஆர்க் 2,000. 45 செ.மீ. தூரத்தில், கேபினெட்டுக்குள், 0.1 நொடியில் ஃபியூஸ் போனால் சுமார் 0.7 கலோரி. போகாமல் 2 நொடி எரிந்தால் 14.2! தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயத்துக்கு 1.2 போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபியூஸ் 4,000 ஆம்பியரில் எவ்வளவு வேகமாகப் போகும் என்று பார்க்கக் கூடாது; 2,000-இல் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அதன் நேர-மின்னோட்ட வளைகோட்டில் பாருங்கள். அப்புறம், ஃபியூஸ் எங்கே இருக்கிறது? தொடரின் கடைசியில் மட்டும் இருந்தால், அதற்கு முன்னால் பேட்டரிகளுக்கு நடுவே பிடிக்கும் ஆர்க்கை அது பார்க்கவே பார்க்காது. அந்த இடத்துக்கு 2 நொடிக் கணக்குதான் பொருந்தும். அந்த 2 நொடிகூட, ஆள் பின்வாங்க இடம் இருந்தால்தான்.

ஆகவே தடித்த உடை வாங்குவதற்கு முன் வோல்டேஜைக் குறையுங்கள். லோடும் சார்ஜரும் துண்டிக்கப்பட்டதை மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகு, இன்சுலேட்டட் ஸ்பேனரால் நாலு பேட்டரிக்கு ஒரு லிங்க் வீதம் கழற்றினால், 48 வோல்ட் துண்டுகள் ஐந்து கிடைக்கும். அந்த முதல் லிங்கைக் கழற்றும்போதுதான் முழு வோல்டேஜும் இருக்கிறது. ஆர்க் உடையும் முகக்கவசமும் அப்போது கட்டாயம். மோதிரமும் வாட்சும் வெளியே. வேலை செய்யாத டெர்மினல்களை மூடிவையுங்கள். யாராவது ஸ்பேனரை பேட்டரி மேல் வைத்தால், தயவுசெய்து திட்டுங்கள்.

ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் வேண்டும்: ஃபியூஸுக்கு முன் (பேட்டரிப் பக்கம்) ஒன்று, பின் (யூபிஎஸ் பக்கம்) ஒன்று.