பத்து நாள், ஆறு ஊர்

அன்புள்ள ஐயா,

வரும் மே கடைசியில் குடும்பத்தோடு ஐரோப்பா போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், பதினோரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 71 வயது, போன வருஷம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு ஒருமுறை ஊட்டிக்கு வந்தார், சிரமம் எதுவும் இல்லை. ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம்: பாரிஸ் இரண்டு நாள், பிறகு லூசெர்ன் – டிட்லிஸ், இன்டர்லாகன் – யுங்ஃபிராவ், செர்மாட், இன்ஸ்ப்ருக், கடைசியில் வெனிஸ். மொத்தம் பத்து நாள். எங்களுக்கு மலைதான் முக்கியம். இதில் எதையாவது விட்டுவிட்டோமா?

அன்புடன்,
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

எதையாவது விட்டுவிட்டோமா என்று கேட்கிறீர்கள். நான் பெரும்பாலானதை விடச் சொல்லப்போகிறேன்.

பத்து நாளில் ஆறு விடுதி. ஒவ்வொரு முறையும் காலையில் ஆறு பேரின் பெட்டிகளைக் கட்டி, ரயில் மாறி, அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்று வரவேற்பறையில் காத்திருப்பீர்கள். இளம் ஜோடி என்றால் சமாளிக்கலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது, யுங்ஃபிராவுக்கு ஒரே ஒரு நாள் என்று தேதி குறித்து எழுதியிருப்பது. ஸ்விட்சர்லாந்தின் அந்த மலைகளில் மே மாதம் மழையும் மேகமும் சகஜம். அன்று மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? மறுநாள் செர்மாட் விடுதிக்குப் பணம் கட்டியாயிற்று, கிளம்பித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பக்கத்து விடுதிகள் பலவற்றில் டிவியில் ஒரு சேனல் முழுக்க மலைக் கேமராக்கள்தான். பின்னணியில் ஏதோ ஒரு இசை ஓட, ஒவ்வொரு உச்சியாகத் திரும்பித் திரும்பிக் காட்டும், கூடவே வெப்பநிலையும் காற்றும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். திரை வெள்ளையாக இருந்தால், அத்தனை காசு கொடுத்து மேலே போகிறவர் காண்பதும் அந்த வெள்ளையைத்தான். சில நாள் ஜன்னலுக்கு வெளியே ஒரே சாம்பலாக இருக்கும், கேமராவிலோ பளிச்சென்று நீலம். மேகம் மலைக்குக் கீழே கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது உடனே டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிட வேண்டும். இப்படிக் காலையில் முடிவெடுக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் தங்கி, நாட்களைக் காலியாக வைத்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் விவரம்.

எங்கே தங்குவது? இன்டர்லாகன் வேண்டாம், அது இறங்கி ஏறும் ஊர். அங்கிருந்து இருபது நிமிடத்தில் லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், ஊருக்கு நேர் மேலே ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவி. படம் எடுக்க வருகிறவர்கள் பகலில் அங்கே நெரிசலாக நிற்பார்கள். அதனால் இன்னும் மேலே, 1274 மீட்டரில் இருக்கும் வெங்கனில் தங்குங்கள். அங்கே காரில் போக முடியாது, ரயில்தான். பல்சக்கரப் பாதையில் கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடும். (நம் மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயில் பற்றிக்கொண்டு ஏறும் பல்தண்டவாளமும் ரோமன் அப்ட் என்ற ஸ்விஸ் எஞ்சினியர் கண்டுபிடித்த முறைதான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.)

மே கடைசி என்பதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கின்றன. 2000 மீட்டருக்கு மேலே நடைபாதைகளில் பனி கிடக்கும். படங்களில் பார்த்த பாகால்ப் ஏரி உறைந்தே இருக்கலாம். ஷைனிகே பிளாட்டே மலை ரயில் ஜூனில்தான் ஓடத் தொடங்கும். ஆனால் பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் முழு வேகத்தில் இருக்கும். லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலேயே இருக்கும் திரும்மல்பாக் அருவிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாறுகளிலிருந்தும் உருகும் தண்ணீர், மலைக்குள்ளேயே பாறையைக் குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்குகிறது. உச்சத்தில் விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே லிஃப்டில் ஏறி, படிகளில் இறங்கி வரலாம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது, கைப்பிடிக் கம்பி அதிர்வது கையில் தெரியும். படிகள் ஈரம், சின்னவனை, சின்னவளாக இருந்தாலும், கையைப் பிடித்தே கூட்டிப்போங்கள்.

இனி அப்பா. யுங்ஃபிராவ் பார்க்கப் போகிறவர்கள் போய்ச் சேரும் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3454 மீட்டரில் இருக்கிறது. 16 வருஷம் மலையைக் குடைந்து 1912இல் திறந்தார்கள். 2020 டிசம்பரில் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள்காரில் போனால் பக்கத்து ஊரான கிரிண்டெல்வால்டிலிருந்து மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம்தான். வசதிதான், ஆனால் 2500 மீட்டர் ஏற்றத்தை உடம்பு அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ளாது. தொட்டபெட்டாவைவிட இது 800 மீட்டருக்கு மேல் உயரம். நல்ல உடம்புக்காரர்களுக்கே தலை கிறுகிறுக்கும். இதய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள், 'ஐரோப்பா போகலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் தயங்கினால், வெங்கனிலிருந்து கேபிள்கார் போகும் மென்லிகன் இருக்கிறது. 2230 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். மூன்று சிகரங்களும் வரிசையாக எதிரே நிற்கும். அது மே பிற்பகுதியில் திறக்கும், அந்த வருஷத்துத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில் 1638 மீட்டரில் ம்யூரன், அதுவும் அப்பாவுக்குத் தோதான ஊர்.

சாப்பாட்டுக்குத்தான் பணம் கரையும். சமையலறையுள்ள அபார்ட்மென்ட் எடுங்கள், வெங்கனிலேயே கூப் கடை இருக்கிறது, அரிசி, தயிர், காய்கறி கிடைக்கும். கறிவேப்பிலையும் பெருங்காயமும் உங்கள் பெட்டியில் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். குடிதண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெருவோரத் தொட்டிகளில் குழாய்நீர் சில்லென்று ஓடும். குடிக்கக்கூடாது என்றால் எழுதியிருப்பார்கள்.

ரயிலுக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் என்று ஏஜென்ட் சொல்வார். தினமும் நாட்டைச் சுற்றுகிறவர்களுக்கு அது லாபம். வெங்கன், ம்யூரன் வரைதான் முழு இலவசம், அதற்கு மேல் தள்ளுபடி மட்டுமே. ஒரே இடத்தில் இருக்கப்போகிறீர்கள் என்றால் பாதிக்கட்டண அட்டையையும் அந்த வட்டாரப் பாஸையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மழை விடாத நாளில் பெர்ன் போய் வாருங்கள், இன்டர்லாகனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அங்கே யூரோபாபிளாட்ஸில் 2014இல் திறந்த 'சமயங்களின் இல்லம்' இருக்கிறது. பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும் புத்த விகாரையும் இருக்கும் அதே கட்டடத்தில் ஈழத்தமிழர்களின் சைவக் கோயிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால் அம்மாவுக்கு இந்தப் பயணத்தின் மேல் குறையே இருக்காது.

பிள்ளைகள் ஐஃபில் டவர் வேண்டும் என்று அடம்பிடித்தால் கடைசி இரண்டு இரவை மட்டும் பாரிஸுக்குக் கொடுங்கள். ஸ்விஸ் எல்லை நகரான பாஸலிலிருந்து வேக ரயிலில் மூன்று மணி நேரம், ஊருக்கு அங்கிருந்தே விமானம் ஏறலாம். அப்போதும் அதிக நாள் தங்குவது ஸ்விட்சர்லாந்தில்தான் என்பதால் ஸ்விஸ் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அப்பாவுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால், இதையெல்லாம் விசாரித்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள்.

அன்புடன்.