உலுருவுக்குப் போய்க் கூடாரம் போட்டால் கட்டுப்படியாகுமா?

உலுரு, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் நிற்கும் பெரும் பாறை. யுலாரா அதன் பக்கத்து ஊர். ஜூலை அங்கே குளிர்காலம். சிட்னியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஜூலை பள்ளி விடுமுறையில் உலுருவுக்குப் போக ஆசை. பிள்ளைகளுக்கு 9 வயது, 12 வயது. கடற்கரை ஊர்களில் கூடாரம் போட்டுத் தங்கிப் பழகியிருக்கிறோம். ஆனால் யுலாரா கேம்ப்கிரவுண்ட் வாடகையைப் பார்த்துவிட்டு, வெறும் மண் தரைக்கு இவ்வளவா என்கிறார் என் கணவர். நூறு கிலோமீட்டர் தள்ளித் தங்கினால் செலவு குறையும் என்றும் சொல்கிறார்கள். காரிலா விமானத்திலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேம்பிங் அங்கே கட்டுப்படியாகுமா? குளிரைப் பிள்ளைகள் தாங்குவார்களா?"

காரில் போனால் கட்டுப்படியாகும். யுலாராவிலேயே மூன்று இரவு கூடாரம் போடுங்கள். விமானத்தில் போனால் கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நீங்கள் இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருக்கிறீர்களே, காரா விமானமா என்று, கேம்பிங் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். இடத்துக்குக் கொடுக்கும் வாடகை மொத்தச் செலவில் சிறிய பங்கு.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. உலுரு கட்டா ஜுட்டா தேசியப் பூங்காவுக்குள் யாரும் இரவு தங்க முடியாது. ஒரு காலத்தில் மோட்டல்களும் கூடாரங்களும் பாறையின் அடிவாரத்திலேயே இருந்தன. நிலம் கெட்டுப்போகிறது என்று எல்லாவற்றையும் பூங்கா எல்லைக்கு வெளியே நகர்த்தினார்கள். அப்படி உருவான ஊர்தான் யுலாரா, 1984இல் திறந்தது. ஓட்டல்கள், கேம்ப்கிரவுண்ட் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் போட்டி விலை என்ற ஒன்று கிடையாது. சாமான்கள் எல்லாம் லாரியில் வரவேண்டும். பக்கத்துப் பெரிய ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த ஊருக்கே அடிலெய்டிலிருந்து 1,500 கிலோமீட்டர் கடந்து சரக்கு வருகிறது. தண்ணீர் நிலத்தடியிலிருந்து எடுத்து உப்பு நீக்கப்பட்டது. உங்கள் பிள்ளைகள் குளிக்கும் வெந்நீர், துணி துவைக்கும் இயந்திரம், பொதுச் சமையலறை அடுப்பு, நீச்சல் குளம், இவை அத்தனையும் அந்த வாடகைக்குள் அடக்கம்.

ஆனாலும் நான் அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்வது இந்த வசதிகளுக்காக இல்லை. உலுரு நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. உச்சி வெயிலில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் பெரிய பாறை, அவ்வளவுதான். சூரியன் எழும் அரை மணி நேரமும் விழும் அரை மணி நேரமும்தான் அந்த 348 மீட்டர் உயரப் பாறை நிறம் மாறி மாறி நிற்கும். இத்தனை தூரம் போவதே அதற்காகத்தான். பூங்காவின் கதவு ஜூலையில் காலை 6.30க்குத் திறந்து இரவு 7.30க்கு மூடும். யுலாராவிலிருந்து பாறை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். விடியலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து காலைச் சாப்பாடு, மதியம் ஓய்வு, மாலையில் மறுபடி பூங்கா என்று இருக்கலாம். இன்னொரு நல்ல செய்தி: ஜூலையில் அங்கே சூரியன் எழுவதே ஏழரை மணி சுமாருக்குத்தான். பிள்ளைகளை நடு இரவில் எழுப்ப வேண்டியதில்லை.

இப்போது அந்த நூறு கிலோமீட்டர் யோசனையைப் பார்ப்போம். கர்ட்டின் ஸ்பிரிங்ஸ் என்ற மாட்டுப் பண்ணையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். லாசெட்டர் நெடுஞ்சாலையில், யுலாராவுக்கு 85 கிலோமீட்டர் முன்னால் வரும். நல்ல இடம், எனக்குப் பிடித்த இடமும்கூட. அங்கிருந்து தெரியும் மவுண்ட் கானர் என்ற தட்டை மலையைப் பார்த்து உலுரு வந்துவிட்டது என்று காரை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் ஏராளம். ஆனால் அங்கே தங்கி உலுருவைப் பார்ப்பதென்றால், போய் வர நாளுக்கு 200 கிலோமீட்டர் ஆகும். நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் கார் என்றால் 20 லிட்டர். அந்தப் பகுதியில் பெட்ரோல் லிட்டருக்கு 2 டாலருக்கு மேல்தான் விற்கும். வாடகையில் மிச்சம் பிடித்தது பெட்ரோல் பங்கில் போய்விடும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது இருட்டு. விடியலுக்கு அங்கே இருக்கவேண்டும் என்றால் இருட்டில் கிளம்ப வேண்டும், அந்தி பார்த்துவிட்டு இருட்டில் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் வேலி இல்லாத நீளங்கள் உண்டு. கங்காரு, மாடு, ஒட்டகம் மூன்றும் குறுக்கே வரும். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மாட்டின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம். வாடகைக் கார் என்றால், ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மீறினால் காப்பீடு கிடைக்காது. கர்ட்டின் ஸ்பிரிங்ஸில் தங்குங்கள், ஆனால் போகும் வழியில் ஒரு இரவாக. சாலையோரம் மணல் மேட்டுக்குப் பின்னால் இலவசமாகக் கூடாரம் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பழங்குடி மக்களின் நிலம் அல்லது மாட்டுப் பண்ணைக் குத்தகை நிலம். இரவு தங்கலாம் என்று பலகை வைத்த ஓய்விடங்களில் மட்டும் நிறுத்தலாம்.

சரி, விமானத்தில் போவதைப் பார்ப்போம். சிட்னியிலிருந்து யுலாராவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. மூன்று இரவுக்காக நான்கு பேரின் கூடாரம், மெத்தை, குளிருக்கான படுக்கைப் பைகள், சமையல் சாமான் என்று மூட்டை கட்டினால் கூடுதல் பெட்டிக்கே கட்டணம் ஏறிவிடும். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். போய் இறங்கி, மிச்சத்தை அங்கே வாங்கும்போது பாலைவன விலை. இதில் எங்கே லாபம்? அதே கேம்ப்கிரவுண்டில் ஏசி வைத்த கேபின்கள் இருக்கின்றன. சமையலுக்கு இடம் உண்டு, குளியலறை மட்டும் பொது. பிள்ளைகளோடு விமானத்தில் போகும் குடும்பத்துக்கு அதுதான் என் சிபாரிசு. அங்குள்ள ஓட்டல் அறைகள் ஜூலையில் இரவுக்குப் பல நூறு டாலர் போகும். கேபின் அதைவிடக் குறைவு. வாடகைக் கார் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான்கு பேருக்குத் தினமும் பேருந்துச் சீட்டு எடுப்பதைவிட அது பெரும்பாலும் மலிவாக முடியும். ஒப்பந்தத்தில் நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று பாருங்கள். வடக்குப் பிரதேசத்தில் நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று கட்டுப்பாடு வைப்பது சகஜம். பூங்காவின் இன்னொரு பாறைக் கூட்டமான கட்டா ஜுட்டாவுக்கு ஒரு தடவை போய் வந்தாலே அது தீர்ந்துவிடும்.

காரில் போனால் கணக்கு வேறு. சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில், போர்ட் அகஸ்டா, கூபர் பீடி வழியாக ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். குளிர்காலப் பகல் குறுகியது. இருட்டில் ஓட்டுவதில்லை என்றால் ஒரு நாளைக்கு 700 கிலோமீட்டர்தான் சௌகரியம். அப்படியானால் போக 4 நாள், வர 4 நாள். இடையில் சாலையில் 6 இரவு தங்க வேண்டும். கூடாரம் பணத்தை மிச்சப்படுத்துவது அந்த 6 இரவுகளில்தான். ஒவ்வொரு இரவும் நால்வருக்கு மோட்டல் என்றால் பட்ஜெட் ஓட்டையாகிவிடும். கூடாரம் எப்படியும் காரில் இருக்கிறது, ஆகவே யுலாராவிலும் அதையே விரிப்பது இயல்பு. பெட்ரோல் மொத்தம் 600 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, நான்கு விமான டிக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழியில் தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டியதும், பயிரைக் கெடுக்கும் பழ ஈ பரவாமல் தடுக்கும் சோதனை இருக்கும். பழமும் பெரும்பாலான காய்களும் கொண்டு போக முடியாது. அரிசி, பருப்பு, ரசப்பொடிக்குத் தடை இல்லை. அவற்றை வீட்டிலிருந்தே எடுங்கள், யுலாராவில் ஒரே ஒரு சூப்பர் மார்க்கெட்தான்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் பறந்து அங்கே கேம்பர்வேன், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேன், வாடகைக்கு எடுப்பது. ஜூலை உச்ச பருவம், வேன் வாடகையும் உச்சத்தில் இருக்கும். பணத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருந்து சுற்றிப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போது ஆலிஸுக்கு மேற்கே ஏறக்குறைய 135 கிலோமீட்டரில் ஆர்மிஸ்டன் கார்ஜ் என்ற இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பூங்கா நிர்வாகமே நடத்தும் சின்ன கேம்ப்கிரவுண்ட். வாடகை குறைவு, கூடாரத்திலிருந்து நடந்தே செம்பாறைப் பள்ளத்தாக்கின் குளத்துக்குப் போய்விடலாம். பூங்காவுக்குள்ளேயே தங்க முடிகிற இம்மாதிரி இடங்களில் கேம்பிங் தகுமா என்ற கேள்வியே எழாது. இணையத்தில் முன்பதிவு அவசியம், உலுரு பூங்கா நுழைவுச் சீட்டு இங்கே செல்லாது. வடக்குப் பிரதேசப் பூங்காச் சீட்டு தனி. கிங்ஸ் கேன்யன் என்ற செங்குத்துப் பள்ளத்தாக்குக்குப் போவதாக இருந்தால் யுலாராவிலிருந்து தார்ச் சாலையில் 300 கிலோமீட்டர். மேலே விளிம்பைச் சுற்றி வரும் 6 கிலோமீட்டர் நடையை உங்கள் பிள்ளைகள் வயதில் தாராளமாகச் செய்யலாம். மெரினி லூப் என்ற மண் சாலைக் குறுக்கு வழியில் மட்டும் சாதாரண வாடகைக் காரைக் கொண்டு போகாதீர்கள்.

யுலாராவில் ஏன் மூன்று இரவு என்றால், பூங்கா நுழைவுச் சீட்டே 3 நாளுக்கானது. பெரியவருக்கு 38 டாலர், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான அனங்கு பழங்குடி மக்களுக்குப் போகிறது. ஒரு நாள் பாறையைச் சுற்றி 10 கிலோமீட்டர் சொச்சம் நடை. ரேஞ்சர் இலவசமாக அழைத்துப் போகும் மாலா நடை இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், பாறையில் எதை ஏன் படம் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு அவரே சொல்லுவார். பாறைமேல் ஏறுவது 2019 அக்டோபரிலேயே நிரந்தரமாக நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னொரு நாள் முழுவதும் கட்டா ஜுட்டாவுக்கு. 36 பாறைக் குவிமாடங்கள், உயரமானது உலுருவைவிட 200 மீட்டர் அதிகம். ஒரே இரவு தங்கி ஓடுபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். நான்காவது இரவுக்கு யுலாராவில் பணம் கட்டத் தேவையில்லை. விளக்குக் காட்சி, டிரோன் காட்சி, பாலைவன விருந்து எல்லாம் அழகானவைதான், ஆனால் நான்கு பேருக்குச் சீட்டு எடுத்தால் கூடாரத்தில் மிச்சம் பிடித்தது ஒரே மாலையில் போய்விடும். நிலா இல்லாத வாரமாகப் பார்த்துப் போனால் ஜூலை இரவில் பால்வீதியின் நடுப்பகுதி தலைக்கு நேர் மேலே நிற்கும். அதற்குச் சீட்டு வேண்டாம்.

குளிர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. பகலில் 20 டிகிரி இருக்கும், விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாட்களும் உண்டு. கடற்கரைக்கு வாங்கிய படுக்கைப் பை இதற்குப் போதாது. பூஜ்யத்துக்குக் கீழும் தாங்கும் என்று குறித்த பையாக வாங்குங்கள். குளிர் அதிகம் ஏறுவது தரையிலிருந்துதான், ஆகவே வெறும் காற்று மெத்தை மேல் படுக்காமல் அதன்மேல் கம்பளி ஒன்றை விரியுங்கள். மின் இணைப்புள்ள இடத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஜூலையில் வீண் இல்லை. எவ்வளவு குளிரினாலும் கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் உயிரை எடுக்கும். செருப்பு, சாப்பாடு இரண்டையும் இரவில் வெளியே விடாதீர்கள், டிங்கோ என்ற காட்டு நாய்கள் வரும்.

பிள்ளைகள் தாங்குவார்களா என்பதை இங்கிருந்தே சோதித்துவிடலாம். ஜூன் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை சிட்னி பக்கத்து புளூ மவுண்டன்ஸ் மலைக்குப் போய் அதே கூடாரத்தில், அதே பைகளோடு ஒரு இரவு தூங்கிப் பாருங்கள். ஜூலை விடுமுறை இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும் என்பதால் யுலாரா பதிவை இப்போதே செய்ய வேண்டியிருக்கும். செய்யும்போது எந்தத் தேதி வரை பணம் இழக்காமல் ரத்து செய்யலாம் என்று பார்த்து, சோதனை இரவை அந்தத் தேதிக்கு முன்னால் வையுங்கள்.