குனிந்து பார்த்த நிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலையில் நடந்து திரிந்த ஓவியர்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தபின், மெல்பர்னில் உள்ள விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஓவியர் எமிலி காம் உங்வாரே 1995இல் வரைந்த பெரிய கிழங்கு ஓவியத்தைப் பார்த்தேன். கறுப்பு நிறத்தின்மேல் வெள்ளைக் கோடுகள், சுவர் முழுக்க. நிலக்காட்சி என்கிறார்கள், நிலம் எது, வானம் எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அருகில் நின்ற ஒருவர் அமெரிக்க அரூப ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். எமிலி அவற்றைப் பார்த்துத்தான் இப்படி வரைந்தாரா?

ஒரு வாசகர், மெல்பர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

வானம் எங்கே என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். நிலக்காட்சி ஓவியம் என்று நம் கண் பழகியிருப்பது, ஓரிடத்தில் நின்று எதிரே பார்ப்பவரின் ஓவியம். அதில் குறுக்கே ஒரு தொடுவானம் ஓடும், அதற்கு மேலே வானம், கீழே மண். எமிலியின் ஓவியத்தில் தொடுவானம் இல்லாததற்குக் காரணம், அவர் அந்த நிலத்தை நின்று பார்த்தவர் அல்ல, குனிந்தபடி அதில் நடந்தவர் என்பதுதான். உணவு தேடி நடப்பவருக்குத் தொலைவைவிடக் காலடி முக்கியம்.

ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் யூடோப்பியா என்ற வட்டாரம் இருக்கிறது. வெள்ளையர் அங்கே மாட்டுப்பண்ணை வைத்து அந்தப் பெயரை இடுவதற்கு முன்பே, ஏறத்தாழ 1910இல், எமிலி அதன் ஒரு பகுதியான அல்ஹால்கெரில் அன்மட்யெர் குடியில் பிறந்துவிட்டார். நீங்கள் பார்த்த ஓவியத்தில் இருப்பது அந்த மண்ணின் ஒரு கிழங்கு. அதன் அறிவியல் பெயர் விக்னா லான்சியோலாட்டா. நம் உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் அடங்கிய அதே பேரினம். ஆகவே அந்தக் கொடியை நேரில் கண்டால் மூன்று மூன்றாக விட்ட இலையையும் மஞ்சள் பூவையும் வைத்து நம் ஊர்க்காரர் எவரும் அதைப் பயற்றங்கொடி என்றே சொல்லிவிடுவார். தரைக்குக் கீழே கிழங்கு பருக்கும்போது மேல்மண் மெல்லிதாக வெடிக்கும். பெண்கள் தேடி நடப்பது அந்த வெடிப்பைத்தான். கண்ட இடத்தில் கோலால் அகழ்ந்து வேரைத் தொடர்ந்து போவார்கள். எமிலியின் பெயரிலுள்ள 'காம்' என்பதே அந்தக் கிழங்குக்கொடியின் விதையைக் குறிக்கும் சொல். அந்த வெள்ளைக் கோடுகளை மண்ணின் வெடிப்பு என்றும் கொள்ளலாம், மண்ணுக்கடியில் கிளை பிரிந்தோடும் வேர் என்றும் கொள்ளலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேவை வரைந்தவருக்கு இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க ஓவியங்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்மட்யெர் பெண்கள் 'அவெல்யே' என்ற தங்கள் சடங்கில், பாடியபடியே ஒருவர் மார்பிலும் தோளிலும் மற்றவர் காவியும் வெண்மண்ணும் கொண்டு கோடுகள் இழுப்பார்கள். நிலத்தைப் பேணும் கடமையோடு சேர்ந்தது அந்தச் சடங்கு. எமிலியின் கை அதில் பல பத்தாண்டுகள் பழகியது. 1977இல், துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் வேலையை ஊர்ப்பெண்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டார். கான்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் அவர் கைக்கு வந்தது 1988ஆம் ஆண்டு முடியும் வேளையில், எண்பதை நெருங்கும் வயதில். 1996 செப்டம்பரில் இறப்பதற்குள் அவர் வரைந்தவை ஏறத்தாழ மூவாயிரம் என்று கணக்கிடுகிறார்கள். இவ்வளவு நீண்ட பயிற்சி உள்ள ஒரு கைக்கு நியூயார்க்கிலிருந்து கோடு இரவல் வாங்க வேண்டியிருந்தது என்று நினைப்பது, நமக்குத் தெரிந்ததை மட்டுமே உலகம் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம்தான்.

'அரூபம்' என்ற சொல்லே இங்கே எனக்கு உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் கழித்துக்கொண்டே போய் மிஞ்சுவதை வரைந்தால் அது அரூபம். எமிலியோ, என்ன வரைகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் 'எல்லாமும்' என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு கிழங்கு, முள்ளோணான், புல்விதை, ஈமு, ஈமு தின்னும் சிறுசெடி என்று அடுக்கினார். அங்கே கழிக்கப்பட்டது ஒன்றுமில்லை.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு துலங்கும். 1929இல், நாற்பது வயது கடந்தபின், நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் கோடைகளைக் கழிக்கத் தொடங்கியவர் அவர். அங்கே நடந்தார், எலும்புகளைப் பொறுக்கினார், தன் வீட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த சாம்பல்நிறக் குன்றுகளுக்கு நடுவே கூடாரமடித்துத் தங்கி, 'கருப்பு இடம்' என்று தானே பெயரிட்டு அவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1944இல் வரைந்தவற்றில் குன்றுகள் உருக்குலைந்து ஒரு பிளவாகவே ஆகிவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஓவியங்கள் அவை. ஆனால் அங்கே பாலை ஒருவரை வியக்கவைத்த இடம். எமிலிக்கோ அது களஞ்சியமும் குலச்சட்டமும் ஆகும். மழைக்குப் பின் பச்சை பொங்கும் பருவத்தை அவர் 1994இல் நான்கு பலகங்களில் ஆறு மீட்டருக்கு மேல் விரித்து வரைந்ததைப் பார்த்தால், பாலை என்றதும் மணல் நிறத்தை நினைக்கும் நம் வழக்கமே தடுமாறிவிடும்.

இன்னொன்று, நீங்கள் சுவரில் பார்த்த அந்த ஓவியம் தரையில் பிறந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு எட்டு மீட்டர் கான்வாஸை மண்ணில் விரித்து, அதன்மேலேயே உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து இரண்டே நாளில் எமிலி வரைந்து முடித்தார். வரைந்தவருக்கு அதில் மேல்பக்கம் கீழ்பக்கம் என்று இருந்திருக்க வழியில்லை. அது சுவரில் மாட்டுபவர்களின் தேவை. நானே அதை முதலில் ஒரு புத்தகத்தில் உள்ளங்கை அளவுப் படமாகப் பார்த்து, சிக்கலான நூல்கண்டு என்று பக்கத்தைப் புரட்டியவன்தான்.

இன்னொரு முறை போனால் எதிரே நின்று முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்க முயலாதீர்கள். இடது ஓரத்தில் ஏதாவது ஒரு கோட்டைக் கண்ணால் பற்றிக்கொண்டு, அது போகும் போக்கில், அது கிளை பிரியும் இடங்களில் கொஞ்சம் தயங்கி, ஓவியத்தின் நீளத்துக்கு மெல்ல நடந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும்.

அன்புடன்.