புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தும் சிறுநீர் கசிகிறதே?

கேள்வி: எனக்கு வயது 66. புராஸ்டேட் வீக்கத்துக்காக, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அவசரம் முன்பைவிட அதிகம். பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுகிறது. போன வாரம் ஒரு நாள் ரத்தமும் வந்தது. பயந்துபோய் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ?

பதில்: முதலில் தண்ணீரைப் பழையபடி குடியுங்கள், ஐயா. கசிவுக்குப் பயந்து இப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும். உள்ளே இன்னும் ஆறாத புண்ணில் அது படும்போது எரியும். அந்த எரிச்சலே 'உடனே போ' என்று விரட்டும். கிருமித் தொற்றுக்கும் வசதியாகிவிடும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள். இல்லையென்றால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பகலிலேயே பிரித்துக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். குறைப்பதென்றால் காபி, டீயைக் குறையுங்கள்.

அவசரம் கூடியதற்குக் காரணம் உண்டு. அடைப்பை எதிர்த்துப் பல வருடம் முக்கி முக்கி சிறுநீர்ப்பையின் தசை தடித்துப் போயிருக்கும். அடைப்பு போன பிறகும் அதன் முரட்டுத்தனம் உடனே போகாது. அத்துடன், சிறுநீரை அடக்கும் இரண்டு தசைகளில் மேலே உள்ளது இந்த ஆபரேஷனில் தளர்ந்துவிடும். இப்போது கீழே உள்ளதுதான் முழுவதும் தாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் நன்றாகவே அடங்கும். மூன்று வாரத்தில் ஆபரேஷனைக் குறை சொல்வது அவசரம்!

அந்தக் கீழ்த் தசையைப் பலப்படுத்தலாம். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றி உள்ளிழுத்து, ஐந்து விநாடி பிடித்து, விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக்கூடாது. மூச்சைப் பிடிக்கவும் வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். இருமல், தும்மல் வருமுன் ஒரு முறை இறுக்கிக்கொண்டால் கசிவு குறையும். அதுவரை வெளியே போகும்போது பேட் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ரத்தம் வந்தது புண்ணின் பொருக்கு உதிர்ந்ததால் இருக்கலாம். பத்து நாள், இரண்டு வாரத்தில் இப்படி வருவது வழக்கம். தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். மலச்சிக்கலில் முக்குவதும் கனமான பொருளைத் தூக்குவதும் இதைத் திரும்ப வரவழைக்கும்.

ஆனால் ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எரிச்சல் கூடிக்கொண்டே போனால் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று அறியும் சோதனை) பார்க்க வேண்டும். சில மாதம் கழித்து சிறுநீர் மெல்லிய நூலாக வந்தால் பாதை சுருங்கியிருக்கலாம், அதையும் காட்டுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவரென்றால், அதை நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.