சமூக ஊடகம்: லைக் வேறு, ஆர்டர் வேறு (கேள்வி பதில்)

சிறு தொழில் செய்பவர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் பிழைப்பு. பதிவு போடுவது, கமெண்டுக்குப் பதில் எழுதுவது, விளம்பரக் கணக்குப் பார்ப்பது, அப்புறம் முடங்கிப்போன கணக்கை மீட்க அலைவது. கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் பக்கத்துக்கு 9,000 ஃபாலோயர்கள். பதிவு போட்டால் 300 பேர்கூடப் பார்ப்பதில்லை. காசு கட்ட வைப்பதற்காக மறைக்கிறார்களா மேடம்?

மறைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், வரிசையில் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராம் 2016 வரை பதிவுகளை நேர வரிசையில்தான் காட்டியது. அதன்பின் யார் எதில் நின்று பார்ப்பார், எதற்குக் கமெண்ட் எழுதுவார் என்று கணித்து அடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் தெரியும் 9,000 என்பது எப்போதோ ஒரு நாள் பொத்தானை அழுத்தியவர்களின் எண்ணிக்கை. இன்று உங்கள் பதிவுக்காகக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை அல்ல.

காசு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயம்தான். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2023 வருமானம் சுமார் 13,500 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கும் மேல் விளம்பரத்தில் வந்தது. அப்படிப்பட்டவர்கள் கூட்டத்தை இலவசமாக உங்கள் வாசலுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்களா?

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பக்கம், பை தைத்து விற்கும் பெண்ணுடையது. அவருடைய பதிவுகளிலேயே அதிக லைக் வாங்கியது, தையல் மெஷின் மேல் பூனை தூங்கும் வீடியோ. அதைப் பார்த்து ஒருவரும் பை வாங்கவில்லை. ஆர்டர் வந்தது இன்னொரு வீடியோவுக்கு: மங்கலான வெளிச்சம், பின்னணி இசை கிடையாது. பையின் ஜிப்பை நான்கைந்து முறை இழுத்துக் காட்டி, பையை உள்பக்கம் புரட்டித் தையலை விரலால் தடவிக் காட்டினார், அவ்வளவுதான். கீழே லைக் குறைவு. ஆனால் "அளவு என்ன?", "மடிக்கணினி உள்ளே போகுமா?" என்று வரிசையாகக் கேள்விகள். அன்றிலிருந்து நாங்கள் லைக்கை எண்ணுவதில்லை, "அளவு என்ன?" என்று கேட்டவர்களை எண்ணுகிறோம். நீங்களும் கடைசியாக வாங்கிய இருபது பேரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் எந்த வழியாக வந்தார் என்று குறித்துப் பாருங்கள்.

கேள்வி: காசு கொடுத்தால் 2,000 ஃபாலோயர் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். அவர்களில் ஒருவர்கூடப் பை வாங்க மாட்டார்.

கேள்வி: என் வியாபாரம் முழுக்க இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான். தனியாக இணையதளம் அவசியமா?

இணையதளம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கிண்டல் இல்லை.

2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கிறதா? பராமரிப்பு வேலையில் நடந்த ஒரு தவறால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. திரும்பி வர ஆறு மணி நேரம் ஆனது. அன்று எனக்கு வேண்டிய ஒருவர் மறுநாள் அனுப்ப வேண்டிய பொருட்களைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி தயார், மேலே எழுத முகவரி இல்லை. முகவரி, போன் நம்பர் எல்லாம் சாட்டுக்குள்.

அது ஆறு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆர்குட் என்ற சமூக ஊடகம் 2014இல் போனது போனதுதான். கூகுள் பிளஸை நடத்தியது கூகுளே. அதையும் 2019இல் மூடினார்கள். ஆகவே வாங்குபவரின் பெயர், எண், முகவரி, என்ன வாங்கினார் என்ற நான்கையும் அவர்கள் சம்மதத்தோடு வெளியே எழுதி வையுங்கள். எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படித்ததற்கான நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. நண்பன் வேண்டுமென்றே செய்கிறானா?

நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன்னும் நண்பர்கள் தாமதமாகத்தான் பதில் போட்டார்கள், நமக்குத் தெரியவில்லை. அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம். ஆனால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். உங்களுக்கு அதுவே நல்லது என்று தோன்றுகிறது.

கேள்வி: அக்கா, நான் வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். எவ்வளவு நீளமாக எழுதினாலும் அம்மா "ம்" என்று மட்டும் அனுப்புகிறார். கோபமா என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. நேரில் அம்மா சொல்லும் "ம்" எத்தனை வகை என்று யோசித்துப் பாருங்கள். இழுத்தால் "அப்படியா!", வெட்டினால் "போதும்", மெல்லச் சொன்னால் "மேலே சொல்லு". திரைக்கு வரும்போது ராகம் எல்லாம் உதிர்ந்து, புள்ளி வைத்த ஒற்றை எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. பெரும்பாலும் கோபமாக இருக்காது. சின்ன விசைப்பலகையில் தமிழில் தட்டுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கலாம். குரல் பதிவு அனுப்பக் காட்டிக் கொடுங்கள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசினால் போதும் என்று தெரிந்ததும், சில அம்மாக்கள் நாலு நிமிடத்துக்கு ஒன்று அனுப்புவார்கள். அப்போது என்னிடம் வந்து புகார் சொல்லக் கூடாது.

கேள்வி: குடும்பக் குழுவில் சித்தப்பா தினமும் பொய்யான மருத்துவக் குறிப்புகளை அனுப்புகிறார். எப்படி நிறுத்துவது?

குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள். அத்தனை பேர் முன்னால் தவறு என்று சொன்னால் அவர் குறிப்பை விட்டுவிட்டு மரியாதைக்காகச் சண்டை போடுவார்.

பொய் வேகமாகப் பரவுவது சித்தப்பாவால் மட்டும் அல்ல. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் சயின்ஸ் இதழில் வந்தது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்ததாம். பரப்பியவர்கள் பெரும்பாலும் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்களே. புதிதாக, திகைப்பாக இருந்தால் கை தானாகப் பகிர்கிறது.

வாட்ஸ்அப் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை, நிறுவனத்தால் படிக்க முடியாது. அதனால் வேகத்தடை மட்டும் போட்டார்கள். பலமுறை கைமாறிய செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும். 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். தனியாகப் போனில் பேசும்போது அந்த அம்பைக் காட்டிக் கொடுங்கள். "இது யார் எழுதியது சித்தப்பா?" என்று கேளுங்கள்.

அதே நபர்: தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நேற்றுப் பிறந்த பிள்ளை எனக்குச் சொல்கிறாயா" என்கிறார்.

சரி, அப்படியானால் நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் மதிக்கும் அவர் வயதுக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு மருத்துவம் பார்ப்பவரே சொன்னால் இன்னும் உத்தமம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குறிப்பு வந்தால், சண்டை வந்தாலும் பரவாயில்லை, குழுவிலேயே மறுத்து எழுதுங்கள்.

கேள்வி: பத்து நிமிடம் என்று ரீல்ஸ் திறந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

நானும் இதில் தோற்றவள்தான். அடிப்பக்கமே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் வடிவத்தை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின், அதற்காகப் பிற்பாடு வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். எனக்கு ஓரளவு பலித்தது ஒன்றுதான்: செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டுக் கணினியில் மட்டும் பார்ப்பது. வேலை நாட்களில் பலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்ப இறக்கிவிடுகிறேன்.

கேள்வி: நெருங்கிய தோழியின் எண்ணிலிருந்து, "உனக்கு ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக வந்திருக்கும், அனுப்பு" என்று செய்தி. அனுப்பலாமா?

அனுப்பவே அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கை வேறு போனில் திறப்பதற்கான சாவி. எழுதுவது உங்கள் தோழியாக இருக்காது. அவர் கணக்கை ஏற்கெனவே யாரோ பிடித்திருப்பார்கள். அமைப்புகளில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, உடனே அவருக்குச் சாதாரண போன் அழைப்பில் பேசுங்கள். தன் பெயரில் இப்படிச் செய்தி போகிறது என்பதே அவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.