கடைசி மூன்று மாதத்தில் ஸ்டீராய்டு: தாயின் ஹார்மோன் பற்றிய கேள்விகள்

கேள்வி: 32ஆம் வாரத்தில், குழந்தையின் நுரையீரல் முதிர, பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அப்புறம் பார்த்தால் என் ரத்தத்தில் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் பாதியாகிவிட்டது. நஞ்சுக்கொடி பழுதா?

பதில்: அந்த இறக்கத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எஸ்ட்ரியாலை நஞ்சுக்கொடி தனியாகச் செய்வதில்லை. குழந்தையின் அட்ரினல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) மூலப்பொருளைத் தருகிறது, குழந்தையின் ஈரல் அதை ஒரு படி மாற்றுகிறது, அதற்குப் பிறகுதான் நஞ்சுக்கொடி அதை எஸ்ட்ரியாலாக்கித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. ஊசி மருந்து குழந்தையைச் சேர்ந்ததும் அதன் அட்ரினல் அடங்கிவிடும், மூலப்பொருள் வராது. தாயின் அட்ரினல் செய்யும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோலும் கூடவே இறங்கும். இரண்டும் பிறகு மெல்ல ஏறும். ஊசி போட்ட தேதி தெரியாமல் எஸ்ட்ரியால் ரிப்போர்ட்டைப் படிக்கவே கூடாது.

கேள்வி: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் இப்படித்தானா?

பதில்: குழந்தைக்கு அவ்வளவு போகாது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி கார்டிசோலையும் பிரெட்னிசோலோனையும் பெருமளவு முடக்கிவிடும், பீட்டாமெத்தசோன் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டால் தாயின் அட்ரினல் தூங்கிவிடும். அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: செம்மறி ஆட்டில் வயிற்றுக் குட்டியின் கார்டிசோல் ஏறினால், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான தாயின் புரோஜெஸ்டிரோன் விழுந்து பிரசவமாகிறது. அப்படியானால் இந்த ஊசியே பிரசவத்தைத் தூண்டாதா?

பதில்: ஆட்டின் நஞ்சுக்கொடியில் கார்டிசோல் ஒரு நொதியை எழுப்பி, புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் பக்கம் திருப்பிவிடும். மனித நஞ்சுக்கொடியில் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை. அதனால் நமக்கு ஊசிக்குப் பிறகு புரோஜெஸ்டிரோன் அப்படிச் சரிவதில்லை, ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் இறங்குகிறது.

அதே நபர்: அப்படியென்றால் ஆட்டுச் சோதனையால் நமக்கு என்ன பயன்?

பதில்: இதை விடமாட்டேன். நியூசிலாந்து மகப்பேறு மருத்துவர் லிக்கின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று தேடித்தான் ஆடுகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார். பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த குட்டி மூச்சுவிட்டது, நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. அதை அவர் 1969இல் எழுதினார், 1972இல் குழந்தை மருத்துவர் ஹவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. பிரசவம் பற்றிய பாடம் ஆட்டோடு நின்றது, நுரையீரல் பற்றிய பாடம் நம்மிடம் வந்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது.

கேள்வி: எனக்கும் எஸ்ட்ரியால் குறைவு...

பதில்: முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், இது நான்காவது தடவை.

கேள்வி: சர்க்கரை ஏறிவிட்டது?

பதில்: ஏறும், சில நாள் நீடிக்கும். ஏற்கெனவே நீரிழிவு இருந்தால் இன்சுலின் அளவை மருத்துவர் உடனே மாற்ற வேண்டும், இன்றே பேசுங்கள்.

கேள்வி: ஊசிக்குப் பிறகு அசைவு குறைந்ததுபோல் இருக்கிறது. ஊசியால்தானே?

பதில்: இருக்கலாம். ஆனால் அதை இங்கே எழுத்தில் முடிவு செய்ய முடியாது. இப்போதே கிளம்பிப் போய்க் காட்டுங்கள்.